எஞ்சினுக்கு உகந்த எண்ணெய்

நம்முடையது உஷ்ணப் பிரதேசம், சித்திரை வெயிலில் தார் ரோடே இளகிவிடுகிற நாட்டில் ஓடும் காருக்குத் தடித்த எண்ணெய்தான் ஏற்றது, மெல்லிய எண்ணெய் பனி பெய்கிற தேசத்தாருக்காகச் செய்யப்பட்டது என்னும் அபிப்பிராயம், மெக்கானிக் பட்டறைகளிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் காரைப் பற்றிப் பேச்சு எழுகிற எல்லா இடங்களிலும் வெகுகாலமாக வேரூன்றி நிற்கிறது. அதைச் சொல்லுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். இருபது முப்பது வருஷம் எஞ்சின்களைப் பிரித்துக் கோத்துப் பழகியவர்கள் அவர்களிற் பலர். அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் நம் சாலைகளை ஆண்டுகொண்டிருந்த நாட்களில் அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆயினும் அந்த எஞ்சின்களுக்குப் பொருந்திய விதியை இன்று ஷோரூமிலிருந்து வெளிவருகிற காருக்கும் அப்படியே பொருத்துவதால், நல்லெண்ணத்தோடேயே நல்ல எஞ்சினுக்குக் கெடுதல் செய்துவிடுகிற நிலைமை உண்டாகிறது. ஒரு காருக்கு எவ்வளவு தடிப்புள்ள எண்ணெய் வேண்டும் என்பதை நிர்ணயிப்பவை, அந்த எஞ்சினை வகுத்தவர்கள் உள்ளே விட்டுவைத்த இடைவெளிகளும், எண்ணெயைக் கொண்டு அவர்கள் நடத்திக்கொள்ள உத்தேசித்த காரியங்களுமே. ஊரின் வெயிலுக்கு அதில் உள்ள பங்கு நாம் நினைப்பதைவிட மிகச் சிறிது. இதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்க வேண்டும்.

எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று கேட்டால், உராய்வைக் குறைக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எப்படிக் குறைக்கிறது என்பதுதான் ஆச்சரியமான விஷயம். கிராங்க் ஷாப்ட் தன்னைத் தாங்கும் பேரிங்குகளின்மேல் நேராக உட்கார்ந்து சுழல்வதில்லை. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாகப் புகுந்து, பாரத்தையெல்லாம் தானே ஏற்றுக்கொள்கிறது. இந்த உண்மை வெளிப்பட்ட விதமே சுவாரஸ்யமானது. 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் எஞ்சினீயர், ரயில் வண்டியின் அச்சுகளுக்கான பேரிங்கைப் பரீட்சை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் அவர் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. கார்க்கைக் கொண்டு அடைத்தார். கார்க் வெளியே தள்ளப்பட்டது. மரத்தால் ஓர் அடைப்பானை அறைந்தார். அதுவும் மெல்ல நகர்ந்து வெளியேறியது. பிறகு அந்த இடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்க்க, சதுர அங்குலத்துக்கு 200 ராத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தம் அங்கே இருப்பதை அது காட்டிற்று. சுழலுகிற அச்சே எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, பாரம் முழுவதையும் அந்த எண்ணெயின்மேல் மிதக்க விட்டிருந்தது. 1886-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித ரூபம் கொடுத்தார். இன்றும் கார் எஞ்சின்களில் இத்தகைய பேரிங்குகள் அவருடைய சமன்பாட்டை அடியொற்றியே வகுக்கப்படுகின்றன.

அந்தப் படலம் நிலைத்திருப்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தண்டு சுழலும் வேகம், அதன்மேல் விழும் பாரம், எண்ணெயின் பாகுத்தன்மை. முதல் இரண்டையும் சாலையும் ஓட்டுகிறவரும் க்ஷணத்துக்கு க்ஷணம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்; மூன்றாவதை மாத்திரம் எண்ணெய் மாற்றும் அன்றைக்கு ஒரே தடவையாக நாம் தீர்மானித்துவிடுகிறோம். பாகுத்தன்மை போதாவிட்டால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசும். அது மிகுந்துவிட்டாலோ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே உள்ள இடைவெளிகளுக்குள் எண்ணெய் வேண்டிய வேகத்தில் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்ததும் தன்னைத் தானே அரைத்துக்கொண்டு சூடேறி, பெட்ரோலின் சக்தியில் ஒரு பகுதியை வீணே உஷ்ணமாக்கிவிடும். தடித்த எண்ணெய் ஊற்றியதும் ஆயில் பிரஷர் நன்றாக ஏறி நிற்கிறது என்று சிலர் சந்தோஷப்படுவதுண்டு. குழாயில் தடை மிகுந்தால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும் பம்பிலுள்ள ரிலீப் வால்வு திறந்துகொள்ள, பேரிங்குக்குப் போக வேண்டிய எண்ணெயில் ஒரு பாகம் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. பேரிங்கைக் காப்பாற்றுவது அங்கே போய்ச் சேருகிற எண்ணெய். மானியின் முள் காட்டுகிற அழுத்தத்தை மாத்திரம் வைத்து அதை அளந்துவிட முடியாது.

மார்கழிக் காலையில் புட்டியை எத்தனை குலுக்கினாலும் வராமல் உறைந்து நிற்கிற தேங்காய் எண்ணெய், சித்திரையில் சற்றுச் சாய்த்ததும் உள்ளங்கை வழியக் கொட்டிவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். உஷ்ணம் ஏற ஏற இளகுவதும் குறையக் குறையத் தடிப்பதும் எஞ்சின் எண்ணெய்க்கும் உள்ள சுபாவம். அந்த மாறுதலின் அளவைத்தான் பலர் உணருவதில்லை. பாகுத்தன்மையை எண்ணெய்க்காரர்கள் சென்டிஸ்டோக்ஸ் என்னும் அளவால் கூறுவார்கள். சாதாரணத் தண்ணீருக்கு அது ஏறக்குறைய 1. கடையில் கிடைக்கிற 5டபிள்யூ-30 எண்ணெய் ஒன்று 40 டிகிரி செல்சியஸில் 60 அல்லது 65 சென்டிஸ்டோக்ஸ் உடையதாக இருந்தால், 100 டிகிரியில் அதுவே 10 அல்லது 11 ஆக மெலிந்துவிடும். அறுபது டிகிரி உஷ்ணத்துக்குள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிற ஒரு பொருளை, இது தடிப்பு, இது மெலிவு என்று எந்த உஷ்ணத்தில் என்று சொல்லாமலே பேசுவதில் அர்த்தமில்லை. கேனைத் திறந்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து எண்ணெயின் தரத்தைச் சொல்லுகிற வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த விரல் அறிவது 30 டிகிரியில் உள்ள எண்ணெயை. எஞ்சின் உழைப்பதோ 100 டிகிரியில்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இலக்கங்கள் ஏற்பட்டன. அமெரிக்காவில் 1905-ல் தோன்றிய மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம், அதாவது எஸ்.ஏ.இ., 1911-லேயே எண்ணெய்களைத் தடிப்பு வாரியாகப் பிரித்து இலக்கமிட முற்பட்டது. இன்று கேனின்மேல் கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கம், 100 டிகிரியில் அந்த எண்ணெய் எந்த வகுப்பில் அடங்குகிறது என்பதைக் கூறுவது. 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் 20, அங்கிருந்து 12.5 வரையில் 30, 16.3 வரையில் 40, 21.9 வரையில் 50. ஆகவே 20 என்றும் 50 என்றும் சொல்லுவது தேர்வில் வாங்கிய மதிப்பெண் அன்று, ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது என்று எண்ணுவதற்கு. அவை வெவ்வேறு எஞ்சின்களுக்கான வெவ்வேறு வகுப்புகள். 2013-ல் 16 என்ற வகுப்பும், 2015-ல் 12, 8 என்ற வகுப்புகளும் இந்த வரிசையின் அடியில் சேர்க்கப்பட்டன. எஞ்சின்கள் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. 150 டிகிரி உஷ்ணத்தில், ஓடுகிற பேரிங்கினுள் உள்ளது போன்ற நசுக்கலுக்கு ஆட்பட்டபோதும் இன்ன அளவுக்குக் கீழே மெலியக்கூடாது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் வேறொரு பரீட்சையும் உண்டு. 20-க்கு அந்த எல்லை 2.6 மில்லிபாஸ்கல் வினாடி, 30-க்கு 2.9, 50-க்கு 3.7.

முன்னால் வரும் இலக்கம் வேறு ஜாதி. அதை அடுத்து நிற்கும் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு எண்ணெய் இளகி இருக்கிறதா என்று 0டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியிலும், 5டபிள்யூவை 30 டிகிரியிலும், இப்படி ஐந்தைந்தாக ஏறிவந்து 15டபிள்யூவை 20 டிகிரியிலும், 20டபிள்யூவை 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். 0 என்று கண்டதும் அதில் தடிப்பே இல்லை என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 0டபிள்யூ-40 எண்ணெயும் 15டபிள்யூ-40 எண்ணெயும் எஞ்சின் சூடேறிய பிறகு ஒரே வகுப்பில் நிற்பவை, வித்தியாசம் குளிர்ந்த நிலையில் மாத்திரமே. நல்ல அடிப்படை எண்ணெயோடு, உஷ்ணத்தில் விரிந்து எண்ணெயின் மெலிவைத் தடுக்கிற பாலிமர்களையும் சேர்ப்பதால் இந்த இரட்டைக் குணம் சாத்தியமாகிறது. இது கைவருவதற்கு முன்பு குளிர்தேசத்தார் பனிக்காலத்துக்கு ஓர் எண்ணெயும் கோடைக்கு ஓர் எண்ணெயுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

உதகமண்டலத்திலேயே தை மாத இரவில் உறைநிலையை ஒட்டித்தான் குளிர் நிற்கிறது. அப்படியிருக்கச் சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு இந்த முன் இலக்கத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பனிக்காலத்தில் லடாக்குக்குக் காரை ஓட்டிச் செல்பவரைத் தவிர, தமிழ்நாட்டில் ஒருவருக்கும் 0டபிள்யூ இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமற் போய்விடப் போவதில்லை. ஆனால் இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். சாதாரண 20டபிள்யூ-50 எண்ணெய் எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில் சுமார் 18 சென்டிஸ்டோக்ஸ். மெலிவு என்று நாம் அஞ்சுகிற 0டபிள்யூ-20 எண்ணெயோ 40 டிகிரியிலேயே ஏறக்குறைய 40 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். விடியற்காலை 28 டிகிரியில் இன்னும் தடிப்பாக இருக்கும். அதாவது, நம் ஊரில் காலையில் வண்டியை எடுக்கும்போது, அந்த மெல்லிய எண்ணெயும்கூட, சூடேறிய எஞ்சினில் ஓடுகிற அந்தத் தடித்த எண்ணெயைவிட இரண்டு பங்குக்கு மேல் தடித்ததாக இருக்கிறது. அதே காலையில் 20டபிள்யூ-50 எண்ணெயோ 150 சென்டிஸ்டோக்ஸையும் வெகுவாகத் தாண்டி நிற்கும். எண்ணெய் போதாத தடிப்போடு இருக்கிறதே என்ற கவலை அந்த வேளையில் எந்த எஞ்சினுக்கும் இல்லை. எண்ணெய்த் தொட்டியாகிய சம்பிலிருந்து கிளம்பி, பில்டர் வழியாக ஏறி, தலைப்பாகத்தில் சுழலும் காம் ஷாப்ட் வரையில் எண்ணெய் எப்போது வந்து சேரும் என்பதே அதன் கவலை. ஆபீசுக்கு மூன்று மைல், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் என்று ஓடி நின்றுவிடுகிற வண்டிகள் தங்கள் ஆயுளில் பெரும்பகுதியை எண்ணெய் முழுச் சூடு அடையாத நிலையிலேயே கழிக்கின்றன. அப்படிப்பட்ட வண்டிக்கு முன் இலக்கம் சிறியதாக இருப்பது நம் நாட்டிலும் அநுகூலமே.

இனி வெயிலின் வாதத்துக்கு வருவோம். காரின் எஞ்சின் திறந்த வெளியில் வைத்த பாத்திரமன்று. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் மின்விசிறியும் சேர்ந்து அதைச் சுற்றி ஓடும் நீரை 85 முதல் 95 டிகிரிக்குள் நிறுத்திவைக்கின்றன. வெளியே 15 டிகிரியாக இருந்தாலும் 40 டிகிரியாக இருந்தாலும் அந்த நீரின் உஷ்ணம் ஏறக்குறைய ஒன்றே. அடியிலுள்ள சம்பை வெளிக்காற்று சற்றுக் குளிர்விப்பதால் எண்ணெயின் உஷ்ணத்தில் ஊருக்கு ஊர் கொஞ்சம் பேதம் ஏற்படும். ஆயினும் வெளியே ஏறிய இருபத்தைந்து டிகிரி அப்படியே உள்ளேயும் ஏறிவிடுவதில்லை. எண்ணெயை மெய்யாகவே சுட வைப்பது எஞ்சினின்மேல் விழுகிற பாரம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக, ஏ.சி.யை ஓடவிட்டபடி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை ஏறுகிற காரிலும், கோடை வெயிலில் நாலு வழிச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் மணிக்கணக்காக விரைகிற காரிலும் எண்ணெய் 120 டிகிரியைத் தொடுவது உண்டு. அப்போது பின் இலக்கத்துக்கு உண்மையான வேலை வருகிறது. இத்தகைய பிரயாணமே ஒருவருக்கு அன்றாடம் என்றால், கையேடு அனுமதிக்கிற இலக்கங்களுள் பெரியதைத் தேர்ந்துகொள்வது விவேகம்.

கையேடு என்றேன். டாஷ்போர்டில் ஆர்.சி. புத்தக நகலுக்கும் இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கும் அடியில் பிரிக்கப்படாமலே கிடக்கிற அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், எஞ்சின் எண்ணெயைப் பற்றிய பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சிறு அட்டவணை இருக்கும். வெளி உஷ்ணம் இத்தனை டிகிரியிலிருந்து இத்தனை டிகிரி வரையில் இன்ன எண்ணெய் என்று பட்டை பட்டையாகக் குறித்திருப்பார்கள். நம்முடைய 45 டிகிரியும் பொதுவாக அந்தப் பட்டைகளுள் அடங்கியே இருக்கிறது. எஞ்சினை வகுத்தவர்கள் நம் வெயிலை மறந்துவிடவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டுப் போகிறவருக்கும் பட்டறையில் ஒரு சம்பாஷணை காத்திருக்கும். "சார், நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்காது. டாப்பெட் சத்தம் வந்துடும். இருபது-ஐம்பது ஊத்திடலாம் சார்" என்பார் மெக்கானிக். "புத்தகத்துல சைபர்-இருபதுன்னு போட்டிருக்கே, அண்ணே?" என்று நாம் கேட்டால், "அது கம்பெனிக்காரன் மைலேஜ் காட்டுறதுக்காகப் போடறது சார்" என்று பதில் வரும். இந்தப் பதிலைத் தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது. எண்ணெய் மெலிய மெலிய எஞ்சின் தன்னைச் சுழற்றிக்கொள்ளச் செலவிடும் சக்தி குறைகிறது. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு எரிபொருள் மிச்சமாவது அதனால்தான். விற்கிற கார்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு கட்டும் விதி நம் நாட்டில் 2017-18-ம் ஆண்டிலிருந்து அமலில் இருக்க, கம்பெனிகள் அந்த ஓரிரு பங்கையும் விட மனமில்லாமல் மெல்லிய எண்ணெயை நாடுவது இயற்கையே. டொயோட்டாவின் சில கையேடுகள், அதிவேகத்திலோ அதிகப் பாரத்திலோ ஓட்டுவதானால் இதைவிடத் தடித்த எண்ணெய் நலமாக இருக்கலாம் என்று தாங்களே ஒரு குறிப்பும் சேர்த்திருக்கின்றன.

ஆனால் மெக்கானிக்கின் பதில் பாதி உண்மையே. மெல்லிய எண்ணெயை விதித்தவர்கள் பழைய எஞ்சினில் அதை ஊற்றி விற்றுவிடவில்லை; அதற்கேற்றபடி எஞ்சினையும் மாற்றினார்கள். பேரிங்கின் மேற்பரப்பு முன்னைவிட வழவழப்பாகத் தீட்டப்படுகிறது; பிஸ்டனின் பக்கங்களில் உராய்வைத் தணிக்கும் பூச்சு பூசப்படுகிறது; எண்ணெய்ப் பம்பும் துவாரங்களும் அந்த எண்ணெயின் ஓட்டத்தைக் கணக்கிட்டே அமைக்கப்படுகின்றன. அதற்கு மேலாக, எண்ணெய்க்கு இன்று உராய்வு நீக்குவது மாத்திரம் வேலையன்று. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வேகத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகர்த்துகிற யந்திர அமைப்பு எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. டைமிங் செயினை இழுத்துப் பிடித்திருக்கும் டென்ஷனரும் பல எஞ்சின்களில் அப்படியே. ஊசிக்கண் போன்ற வழிகளுக்குள் புகுந்து, கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் நொடிக்குள் அந்த எண்ணெய் தன் காரியத்தை முடித்தாக வேண்டும். அங்கே தடித்த எண்ணெய் போனால் வால்வின் நேரம் பிந்தும். காலையில் முதல் சில வினாடிகள் செயின் கடகடக்கும். எஞ்சின் விளக்கு எரிந்தாலும் எரியும். டாப்பெட் சத்தத்துக்குப் பயந்து ஊற்றிய எண்ணெயே வேறொரு சத்தத்தை வரவழைத்துவிடும்.

சென்னையை அடுத்த மறைமலைநகர்த் தொழிற்சாலையிலிருந்து 2013-ல் வெளிவந்த போர்டு ஈகோஸ்போர்ட் காரின் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினை இதற்கு உதாரணமாகக் கூறலாம். அதில் டைமிங் பெல்ட் எண்ணெயிலேயே நனைந்தபடி ஓடும். அதற்கு விதிக்கப்பட்டது 5டபிள்யூ-20. அதிலும் கம்பெனியின் தனி நிபந்தனைக்கு உட்பட்ட 5டபிள்யூ-20. பெல்ட்டுக்கு ஒவ்வாத எண்ணெயில் அந்த ரப்பர் நாளடைவில் சிதைந்து, அதன் துகள்கள் சம்பில் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிட்டால், பிறகு எஞ்சினுக்கு எண்ணெயே போகாது. இப்படி ஒரு பெல்ட் உள்ளே இருப்பது காரை ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. புத்தகத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து ஊற்றினாலே போதும்.

பழைய வண்டிகளின் விஷயம் வேறு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்து, பிஸ்டன் ரிங்குகள் தளர்ந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்ற வேண்டியதாகி, நீலப் புகை தள்ளுகிற எஞ்சினில் பின் இலக்கத்தை ஒரு படி உயர்த்துவதால், 5டபிள்யூ-30 ஊற்றி வந்த இடத்தில் 5டபிள்யூ-40 ஊற்றுவதால், எண்ணெய்ச் செலவு குறைவதுண்டு. அதில் தவறில்லை. ஆயினும் அது நோயாளிக்குக் கொடுக்கும் வலி மருந்தேயன்றிச் சிகிச்சை ஆகாது. ரிங்கோ வால்வு சீலோ மாற்றப்பட வேண்டியதே. அம்பாஸடர் போன்ற வண்டியைப் பிரியத்தோடு பாதுகாத்து வருகிறவர்கள் 20டபிள்யூ-50 எண்ணெயையே தாராளமாக உபயோகிக்கலாம். அந்த எஞ்சின் அந்தத் தடிப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது.

இலக்கம் சரியாக இருந்தால் மாத்திரம் எண்ணெய் சரியாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேனின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் வட்டமான ஒரு முத்திரை இருக்கும். அதன் நடுவில் பாகுத்தன்மையின் இலக்கமும், மேல் வளைவில் ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு எஸ் என்று தொடங்கும். டீசலுக்கு சி என்று தொடங்கும். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பிந்தியதாக இருக்க இருக்க, எண்ணெய் புதிய தரத்தைச் சேர்ந்தது. 2020-ல் வந்த எஸ்.பி. என்ற தரம், சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் காலத்துக்கு முன்பே எரிந்து பிஸ்டனை உடைத்துவிடுகிற கோளாற்றைத் தடுப்பதற்கென்றே உண்டான பரீட்சையையும் உள்ளடக்கியது. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ்.-6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியை வடிகட்டும் பில்டர் ஒன்று சைலன்சர் குழாயில் இருக்கிறது. எரிந்தால் சாம்பல் குறைவாக விடுகிற எண்ணெயை அதற்கு விதித்திருப்பார்கள். இலக்கம் அதே 5டபிள்யூ-30 ஆக இருந்தும் சாம்பல் மிகுந்த எண்ணெயை ஊற்றி வந்தால், அந்த பில்டர் நாளடைவில் அடைத்துக்கொள்ளும்; அதன் விலை பல வருஷத்து எண்ணெயின் விலைக்கு மேல். கார் எண்ணெயில் மிச்சம் விழுந்ததை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதும் கூடாது: அங்கே கிளச்சும் அதே எண்ணெயில் நனைகிறது, உராய்வு தணிக்கும் மருந்துகள் சேர்ந்த கார் எண்ணெயில் கிளச் நழுவும்.

எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் ஓட ஓடக் கெடும். குறுகிய ஓட்டங்களில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்து கலந்து அதை மெலியச் செய்கிறது. டீசலில் புகைக்கரி கலந்து தடிக்கச் செய்கிறது. பாலிமர்கள் நசுங்கித் துண்டாகின்றன. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்ற வேண்டும் என்று கையேடு சொன்னால், கிலோமீட்டர் முடியவில்லையே என்று வருஷத்தைத் தாண்டவிடுவது தவறு. டீசல் எஞ்சினில் எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வதும் அதன் கடமையே.

சில பட்டறைகளில் பெரிய பேரலிலிருந்து குழாய் வழியாகப் பிடித்து, எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணெயை ஊற்றி அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஒரு யந்திரத்துக்கு ரத்தம் போன்றது எது என்று கேட்டறியாமல் உட்கார்ந்திருப்பது நமக்குத்தான் நஷ்டம். அடுத்த தடவை ஆயில் சர்வீஸுக்கு வண்டியை விடுவதற்கு முன்னால், தயவுசெய்து அந்தக் கையேட்டைப் பிரித்து, எண்ணெயின் இரண்டு இலக்கங்களையும் தர எழுத்துகளையும் ஊற்ற வேண்டிய லிட்டர் கணக்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். சீல் உடையாத கேனை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் டிப்ஸ்டிக்கை இழுத்து, எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். காலி கேனையும் வாங்கிக் கொண்டுவந்து, மறுபடி யாரும் அதில் கலப்படம் அடைத்து விற்க முடியாதபடி ஓட்டை போட்டு எறிந்துவிடுங்கள்.